விருந்தின் அளவும் அறத்தின் அளவும்

விருந்தோம்பல் தமிழர்தம் அறச் சிந்தனையில் உயர்ந்த இடம் பெற்ற பண்பாகும். திருக்குறள் அதற்குத் தனியோர் அதிகாரம் வகுத்து, அதனை இல்லறவியலில் வைத்துள்ளது. அறநூல்கள் விருந்தைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் விருந்தளிப்பவனின் உள்ளத்தையே நோக்கின. முகமலர்ச்சி, இன்சொல், பகுத்துண்ணும் விருப்பு என்பனவே அங்கு அளவுகோல்களாயின. ஆயின், நடைமுறையில் விருந்தளிக்க முற்படும் ஒவ்வொருவரும் முதலில் எதிர்நோக்கும் வினா உள்ளத்தைப் பற்றியதன்று, அளவைப் பற்றியது. எத்தனை பேர் வருவர்? ஒருவருக்கு எவ்வளவு அரிசி வேண்டும்? எத்தனை கறிகள், எத்தனை போத்தல் தண்ணீர்? குறைந்துவிட்டால் என் செய்வது? மிஞ்சிவிட்டால் எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

இவ்வினாக்கள் சமையற்காரரிடமும் மண்டப முகாமையாளரிடமும் விட்டுவிடத்தக்க சிறு விடயங்கள் என்றே பொதுவாகக் கருதப்படுகின்றன. ஒழுக்கவியல் பேசும் நூல்களில் அரிசியின் நிறை இடம்பெறுவதில்லை. எனினும், ஆழ்ந்து நோக்குமிடத்து, ஒரு விருந்துக்கு எவ்வளவு சமைப்பது என்னும் தீர்மானம் ஒழுக்கவியல் சார்ந்ததொரு தீர்மானமே என்பது புலனாகும். வருவது முன்கூட்டி அறியப்படாதவிடத்து எந்தக் கணிப்பும் பிழைபடலாம். பிழை கூடுதலாகவும் அமையலாம், குறைவாகவும் அமையலாம். அப்பிழையின் சுமையை யார் தாங்குவது என்பதையே அளவைத் தீர்மானிப்பவர் உண்மையில் தீர்மானிக்கின்றார். இன்றைய இலங்கைத் தமிழரின் திருமண விருந்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கருத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கணிப்பின் இயல்பு

சோறும் கறிகளும் சேர்ந்த மதிய விருந்தொன்றில் ஒருவருக்கு 100 முதல் 125 கிராம் வரையான அரிசி போதும் என்பது சமையல் தொழிலில் உள்ளோரின் பொதுவான கணக்கு. அதாவது ஒரு கிலோகிராம் அரிசி எட்டு முதல் பத்துப் பேருக்குப் போதும். அவ்வரிசி சோறாகும்போது அதன் நிறை இரண்டரை முதல் மூன்று மடங்காகின்றது. எலும்போடு கூடிய கோழி இறைச்சி ஒருவருக்கு 150 முதல் 200 கிராம் வரையும், பருப்பு 30 கிராம் அளவும் கொள்ளப்படும். வெப்பம் மிகுந்த நண்பகலில் மூன்று மணி நேரம் நீடிக்கும் விருந்தாயின் ஒருவருக்கு 200 மில்லிலீற்றர் கொண்ட குவளையில் மூன்று குவளைத் தண்ணீரேனும் வேண்டும். இவை ஏறத்தாழச் சரியான கணக்குகளே. மனித வயிற்றின் கொள்ளளவு பெரிதும் மாறுவதில்லை.

ஆனால் இக்கணக்கினைப் பயன்படுத்தும் முறையிலேயே முதற் பிழை நிகழ்கின்றது. இறைச்சி, மீன், இறால் என மூன்று வகைக் கறிகள் வைக்கப்படும்போது, ஒவ்வொன்றையும் எல்லாரும் முழு அளவில் உண்பர் என்று கொண்டு ஒவ்வொன்றுக்கும் தலைக்கு 150 கிராம் எனக் கணக்கிடப்படுகின்றது. கறிகளின் எண்ணிக்கை கூடுவதால் வயிறு பெரிதாவதில்லை. மூன்று வகையும் சேர்ந்தே ஒருவருக்கு 200 கிராம் அளவில் அமையவேண்டியிருக்க, 450 கிராம் சமைக்கப்படுகின்றது. வகைப்பெருக்கமே மிச்சத்தின் முதற் காரணம் என்பது இதனாற் பெறப்படும்.

இரண்டாவது, வருவோரின் தொகை. அழைப்பிதழ் பெற்றோர் அனைவரும் வருவதில்லை. வருவோர் அனைவரும் அழைப்பிதழ் பெற்றவரும் அல்லர். இதனாலேயே ஒவ்வொருவரும் கணக்கின் மேல் ஒரு காப்பளவைச் சேர்க்கின்றனர். வீட்டுக்காரர் அழைத்தோர் தொகைக்கு ஐம்பதைக் கூட்டுவார். அதை எழுதிக்கொள்பவர் தம் பங்குக்கு நூற்றுக்குப் பத்து வீதத்தைக் கூட்டுவார். சமையற்காரர் கிடாரத்தில் அரிசியிடும்போது கைவளமாக இன்னுஞ் சிறிது சேர்ப்பார். ஒவ்வொருவரும் மற்றவர் முன்னரே கூட்டிவிட்டதை அறியாதவராகவோ அறிந்தும் நம்பாதவராகவோ இருக்கின்றனர். இவ்வாறு ஒரே அச்சத்துக்கு மூன்று முறை காப்பிடப்படுகின்றது.

2. பந்தியும் பஃபேயும்

யாழ்ப்பாணத்துக் கலியாண வீடுகளில் முன்னைய வழக்கம் பந்தி முறையாகும். வளவில் பந்தலிட்டு, அயலவர் கூடிக் காய்கறி வெட்டி, கிடாரங்களிற் சமைத்து, வந்தோரை வரிசையாக இருத்தி வாழையிலையிற் பரிமாறினர். சபை நிறைந்ததும் முதற் பந்தி. அது எழுந்ததும் அடுத்த பந்தி. இம்முறை ஓர் உபசரணை மரபு மட்டுமன்று. அதனுள் ஒரு கணிப்பு முறையும் அடங்கியிருந்தது. முதற் பந்தி எழுந்தபோது எத்தனை இலைகள் போடப்பட்டன என்பதும், எவ்வளவு சோறு சென்றது என்பதும் அடுக்களையில் நிற்போருக்குத் தெரியும். வாசலில் இன்னும் எத்தனை பேர் நிற்கின்றனர் என்பதும் தெரியும். வேண்டுமாயின் இன்னொரு கிடாரம் உலை வைக்கலாம். வேண்டாவிடின் வெட்டாத காய்கறி வெட்டாமலே இருக்கும். கணிப்பு ஒரே தடவையில் முடிந்துவிடாது, பந்திக்குப் பந்தி திருத்தப்பட்டது.

மேலும், பரிமாறுபவரும் உண்பவரும் ஒருவரையொருவர் நேரிற் கண்டனர். உண்பவர் இலைமேற் கைகாட்டிப் போதும் என்பார். வற்புறுத்தி வைப்பதும் உண்டு; அதனால் இலையில் மிஞ்சியதும் உண்டு. ஆயினும் கறி குறைகின்றது என்று கண்ட பரிமாறுபவர் அகப்பையின் அளவைச் சற்றுக் குறைத்து, கடைசி இலைவரை அதைக் கொண்டுசெல்ல முடிந்தது. பற்றாக்குறை வந்தாலும் அது எல்லார்க்கும் சிறிது சிறிதாகப் பகிரப்பட்டது.

தாமே எடுத்துண்ணும் பஃபே முறையில் இவ்விரண்டு வாய்ப்புகளும் இல்லை. உணவு முழுவதும் முன்கூட்டியே சமைக்கப்பட்டு மேசைமேல் வைக்கப்படுகின்றது. மண்டபத்தாருடன் செய்யப்படும் உடன்படிக்கையில் தலைக்கு இவ்வளவு என்னும் விலையும், குறைந்தது இத்தனை பேர் என்னும் உறுதியும் பல நாட்களுக்கு முன்பே எழுதப்பட்டுவிடும். உறுதியளித்த தொகையிற் குறைவானோர் வந்தாலும் பணம் முழுமையாகச் செலுத்தப்படல் வேண்டும். பங்கிடும் அதிகாரம் பரிமாறுபவரிடமிருந்து வரிசையில் முன்னிற்பவருக்கு மாறிவிடுகின்றது. முன்னிற்பவர் தமக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கின்றனர் என்பதைப் பார்ப்பதில்லை. அவர் பேராசைக்காரர் என்பது இதன் பொருளன்று. பார்ப்பதற்குரிய இடத்தில் அவர் நிறுத்தப்படவில்லை என்பதே பொருள். பற்றாக்குறை வருமாயின் அது வரிசையின் கடைசியிலுள்ளோர் மேல் முழுமையாக விழுகின்றது.

இதனைக் கொண்டு பழைய பந்தியைப் பொற்காலமாகக் காட்டுதல் நேர்மையாகாது. யார் முதற் பந்தியில் இருப்பது, யாரோடு யார் இருப்பது, யாருக்குப் பந்தலுக்கு வெளியே உணவு கொடுப்பது என்பன அங்குச் சாதியால் தீர்மானிக்கப்பட்டன. சமபந்தி போசனம் என்பது ஒரு சமூகப் போராட்டமாகவே யாழ்ப்பாணத்தில் நடத்தப்பட வேண்டியிருந்தது. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றி வாலிபர் காங்கிரஸாக வளர்ந்த இயக்கம் சாதி வேற்றுமைக்கு எதிரான நிலைப்பாட்டை மேற்கொண்டதும் இப்பின்னணியிலேயே ஆகும். பஃபே வரிசையில் முன்னே நிற்பவர் யார் என்று எவரும் வினவுவதில்லை. எடுக்கும் கரண்டி எல்லார்க்கும் ஒன்றே. இது சிறியதொரு விடுதலையன்று. ஆகவே பழைய முறைக்குத் திரும்புதல் இங்கு விடையாகாது. பந்தியிலிருந்த கண்காணிப்பை, அதனோடு ஒட்டியிருந்த இழிவின்றி, புதிய முறையில் எவ்வாறு மீட்பது என்பதே வினாவாகும்.

3. கணிதம் காட்டுவதும் காட்டாததும்

கேள்வி எவ்வளவு என்று தெரியாத நிலையில் எவ்வளவு பொருளை ஆயத்தம் செய்வது என்னும் வினா பொருளியலுக்குப் புதியதன்று. வங்கியொன்று எவ்வளவு பணத்தைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும் என்பதை எட்ஜ்வர்த் 1888இல் இவ்வகையில் ஆராய்ந்தார். அரோ, ஹரிஸ், மார்ஷாக் ஆகியோர் 1951இல் இருப்புக் கொள்கை பற்றி எழுதிய கட்டுரை இவ்வாய்வை வளர்த்தது. பின்னாளில் இது பத்திரிகை விற்பவரின் பிரச்சினை எனப் பெயர் பெற்றது. மாலைக்குள் விற்காத பத்திரிகை வீணாகும். விரைவில் தீர்ந்துவிட்டால் வரும் வாடிக்கையாளர் திரும்பிப் போவார். சமைத்த சோற்றின் நிலையும் இதுவே.

இதன் முடிபு எளிமையானது. ஓர் அலகு குறைவதால் வரும் இழப்பையும் ஓர் அலகு மிஞ்சுவதால் வரும் இழப்பையும் ஒப்பிடுக. இரண்டும் சமமாயின் சராசரிக் கேள்விக்கே ஆயத்தம் செய்யலாம். குறைவின் இழப்பு மிச்சத்தின் இழப்பைப்போல் ஒன்பது மடங்காயின், பத்து விருந்துகளில் ஒன்பதிலேனும் போதுமானதாக அமையும் அளவே உகந்தது.

ஓர் எடுத்துக்காட்டை நோக்கலாம். தலைக்கு நால்வர் கொண்ட 100 குடும்பங்கள், அதாவது 400 பேர், அழைக்கப்பட்டுள்ளனர் என்க. ஒவ்வொரு குடும்பமும் வருவதற்கான நிகழ்தகவு 0.8 என்க. அவ்வாறாயின் எதிர்பார்க்கும் தொகை 320 ஆகும். குடும்பங்கள் ஒன்றையொன்று சாராது தீர்மானிக்குமாயின் நியம விலகல் 16 பேர். ஒன்பது மடங்கு என்னும் மதிப்பீட்டின்படி 320 உடன் ஏறத்தாழ 21 பேரைக் கூட்டி 341 பேருக்குச் சமைத்தல் போதும். இருபது பேரை அழைக்கும் சிறு விருந்தில், ஒவ்வொருவரும் தனித்தனியே தீர்மானிப்பவராயின், வருவோர் சராசரி 16. விலகல் ஏறத்தாழ 2. அதாவது பத்து வீதத்துக்கு மேல். பெரிய விருந்தில் அது ஐந்து வீதமே. விருந்து பெரிதாகுந்தோறும் தலைக்கு வேண்டிய காப்பளவு குறைகின்றது. நடைமுறையில் நிகழ்வதோ இதற்கு மாறானது. விருந்து பெரிதாகுந்தோறும் அச்சமும் பெரிதாகின்றது.

இனி, அழைத்த 400 பேருக்கும் முழுமையாகச் சமைப்பவரின் நிலையை நோக்குக. அவர் எதிர்பார்க்கும் தொகைக்கு மேல் 80 பேருக்கு, அதாவது நியம விலகலின் ஐந்து மடங்குக்கு, ஆயத்தம் செய்கின்றார். இதனை மேற்கூறிய கணக்கிற்குள் கொண்டுவருவதாயின், ஒருவருக்கு உணவு குறைதல் ஒருவருக்கு உணவு வீணாதலைவிட முப்பது இலட்சம் மடங்குக்கும் மேலாகத் தீயது என்று அவர் கருதவேண்டும். வருகை பற்றிய எமது ஊகமே ஐயத்துக்குரியது, மழையோ போக்குவரத்துத் தடையோ எல்லாக் குடும்பங்களையும் ஒருங்கே பாதிக்கும் என்று கூறி விலகலை இருமடங்காக்கினாலும், அவ்விகிதம் 160 மடங்களவில் நிற்கும். வெட்கத்தை இவ்வாறு எவரும் வேண்டுமென்று மதிப்பிடுவதில்லை. ஆகவே அங்கு நடைபெறுவது மிகைக் கணிப்பன்று, கணிப்பதையே தவிர்த்தலாகும்.

கணிதம் காட்டுவது இவ்வளவே. குறைவும் மிச்சமும் ஒன்றுக்கொன்று எத்தனை மடங்கு தீயன என்பதை அது சொல்வதில்லை. அதனைத் தனக்குச் சொல்லுமாறு வேண்டி நிற்கின்றது. அவ்விகிதத்தைத் தருவது ஒழுக்கவியலின் கடமை.

4. வெட்கத்தின் விலை

விருந்தில் உணவு தீர்ந்துவிடுதலால் எவரும் பசியால் இறப்பதில்லை. விருந்துக்கு வருவோர் பெரும்பாலும் வீட்டில் உணவுள்ளவர்களே. குறைவின் இழப்பு என்பது பெரும்பகுதி விருந்தளித்தவரின் வெட்கமே. இதனைக் கூறிய அளவில் வெட்கம் பொருட்படுத்தத் தகாதது என்று முடிவு செய்தலும் தவறாகும். மனிதன் வெட்கமின்றிப் பொது இடத்தில் தோன்றுவதற்கு எவை வேண்டுமோ அவையும் அத்தியாவசியப் பொருள்களே என்று அடம் ஸ்மித் 1776இல் வெளிவந்த தமது நூலில் வாதிட்டார். துணிச்சட்டையையும் தோற்சப்பாத்தையும் அவர் எடுத்துக்காட்டினார். மகளின் கலியாணத்தில் சோறு போதாமற் போயிற்று என்று ஊர் இருபது ஆண்டுகள் கூறுமாயின், அச்சொல்லின் பாரம் உண்மையானது. அதனை ஏளனம் செய்பவர் அச்சொல்லுக்கு ஆளாகாதவர்.

எனினும் அவ்வெட்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அது இயற்கையில் தோன்றியதன்று. முன்னைய விருந்துகளால் நிறுவப்பட்டது. வசதியுள்ளவர் ஒருவர் பன்னிரண்டு கறிகள் வைக்கும்போது, அடுத்த வீட்டுக்காரருக்கு எட்டுக் கறிகள் குறைவாகத் தோன்றத் தொடங்குகின்றன. கடன்பட்டு விருந்து வைப்பவரின் வெட்கத்தை வசதியுள்ளவரின் மிகை ஆக்கி வைக்கின்றது. செலவிற் சிறந்து விளங்குதலை ஒரு நற்பண்பாக ஏற்றுக்கொண்ட அரிஸ்டோட்டிலே அதன் மிகையைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். நண்பர் கூடி உண்ணும் சிறு விருந்தைத் திருமண விருந்தின் அளவில் நடத்துபவனை அவர் நிக்கோமாக்கிய ஒழுக்கவியலின் நாலாம் நூலில் அதற்கு எடுத்துக்காட்டாகக் கொண்டார். அத்தகையவன் தருணத்துக்குத் தக்கதைச் செய்யவில்லை; தன் செல்வத்தைக் காட்டவே செலவிடுகின்றான். திருக்குறளிலும் விருந்தோம்பலை வற்புறுத்திய ஆசிரியரே வலியறிதல் அதிகாரத்தில் ஈகைக்கும் வாழ்க்கைக்கும் அளவு வேண்டும் என்று கூறுதல் ஈண்டு நோக்கற்பாலது. இரண்டும் முரண்பட்டவை அல்ல. முன்னையது ஈயும் மனத்தையும் பின்னையது ஈயும் ஆற்றலையும் பற்றியவை.

ஒருவர் தனித்து நின்று இவ்வழக்கத்தை மாற்றுதல் அரிது என்பதனாலேயே அரசுகள் சட்டத்தின் வழி முயன்றன. உரோமில் கி.மு. 161ஆம் ஆண்டுப் பன்னியச் சட்டம் விருந்தினர் தொகையையும் செலவையும் வரையறுத்தது. இந்திய மாநிலங்கள் சிலவற்றில் 1960களிலும் 1970களிலும் உணவுத் தட்டுப்பாட்டையொட்டி விருந்தினர் கட்டுப்பாட்டு ஆணைகள் நடைமுறைக்கு வந்தன. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணம் 2016இல் திருமண விருந்தில் ஒரு கறி வகைக்கு மேல் பரிமாறுதலைச் சட்டத்தால் தடுத்தது. இவற்றின் சிறப்பு தண்டனையில் இல்லை. அளவாக விருந்தளிக்க விரும்புபவருக்கு அவை ஒரு சாக்கைத் தந்தன. எல்லார்க்கும் பொதுவான வரையறையில் ஒருவருக்கும் வெட்கமில்லை. ஆயினும் அடுக்களைக்குள் சட்டம் நுழையும் தூரம் மிகக் குறைவு. ஊர்ச் சங்கங்களும் உறவினரும் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாடு அவ்வளவையும் அதற்கு மேலும் செய்யக்கூடும்.

5. மிச்சத்தின் சுமை

குறைவின் சுமை விருந்தளிப்பவர் மேல் விழுகின்றதெனின், மிச்சத்தின் சுமை யார்மேல் விழுகின்றது? பணம் கொடுத்தவர் அவரே. ஆகவே இழப்பும் அவருடையதே என்று கூறப்படலாம். இது அரைவாசி உண்மையே. ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகில் 105 கோடித் தொன் உணவு வீணாக்கப்பட்டது. நுகர்வோருக்குக் கிடைத்த உணவில் இது ஐந்தில் ஒரு பங்களவாகும். அதில் ஏறத்தாழ 29 கோடித் தொன் உணவகங்களும் விருந்து மண்டபங்களும் போன்ற உணவுச் சேவைத் துறையினுடையது. அதே 2022இன் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி இலங்கையில் உணவு விலை முன்னைய ஆண்டிலும் 94.9 வீதம் உயர்ந்திருந்தது. ஒருவேளை உணவைக் கைவிட்ட குடும்பங்கள் இருந்த அவ்வாண்டிலும் திருமண மண்டபங்களின் பின்வாசலில் சோறு கொட்டப்பட்டது.

கொட்டப்படும் சோறு மறைந்துவிடுவதில்லை. இலங்கை நகரங்களின் குப்பையிற் பெரும்பகுதி அழுகக்கூடிய பொருளே. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். விருந்து மிச்சமே அதற்குக் காரணம் என்றல் மிகையாகும். ஆயினும் நகரம் எறிந்ததன் அடியில் வாழ்ந்தவர் யார் என்பதை அந்நிகழ்வு காட்டியது. அவர்கள் எந்த விருந்துக்கும் அழைக்கப்பட்டவர் அல்லர்.

இங்கு ஒரு சமாதானம் வழக்கமாகக் கூறப்படுகின்றது. மிஞ்சியதை அநாதை இல்லத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ அனுப்பிவிடலாம் என்பதே அது. நல்ல உள்ளத்தோடு செய்யப்படும் செயல் இது என்பதில் ஐயமில்லை. ஆனால் இதில் இரு குறைகள் உள. முதலாவது, உணவுப் பாதுகாப்பு சார்ந்தது. ஐந்து பாகைக்கும் அறுபது பாகைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில் சமைத்த உணவில் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்நிலையில் இருந்த உணவைத் தவிர்க்குமாறே பொதுவாக அறிவுறுத்தப்படுகின்றது. சோற்றிற் பெருகும் சில நுண்ணுயிர்களின் நஞ்சு மீளச் சூடாக்குவதாலும் அழிவதில்லை. மேசைமேல் நான்கு மணி நேரம் திறந்திருந்து, பலர் கரண்டி இட்டு எடுத்த உணவை விருந்தளித்தவர் தம் பிள்ளைகளுக்கு அடுத்த வேளைக்குக் கொடுக்கத் தயங்குவாராயின், பிறர் பிள்ளைகளுக்கு அனுப்புவதற்கும் தயங்கவேண்டும்.

இரண்டாவது குறை ஒழுக்கவியல் சார்ந்தது. ஈகை என்பது ஈபவர் தமக்கென வைத்திருப்பதிலிருந்து பிரித்தளிப்பது. மிச்சத்தை அனுப்புதல் தமக்கு வேண்டாததை அகற்றுதல். இதனைத் தானம் என்று அழைக்கும்போது மிகையாகச் சமைத்ததே புண்ணியத்துக்கு வாயிலாகிவிடுகின்றது. அடுத்த முறை அளவைக் கணக்கிடும் தேவையும் மறைந்துவிடுகின்றது. அவ்வில்லத்துக்கு உணவளிக்க விரும்புபவர் அதனை முதலிலேயே கணக்கிற் சேர்த்து, ஐம்பது பொதிகளை மேசைக்கு வருமுன் தனியே கட்டி, நண்பகலுக்கு முன் அனுப்பலாம். சோறு அதே சோறுதான். ஆனால் பெறுபவர் அப்போது கடைசியில் நினைக்கப்பட்டவர் அல்லர், முதலில் எண்ணப்பட்டவர்.

6. கடைசியில் உண்பவர்

இதுவரை கூறியவற்றிலிருந்து ஒரு நெறியை வகுத்தல் இயலும். குறைவு என்பது ஒரே தன்மையதன்று. இறால் பொரியல் தீர்ந்துபோதலும் சோறு தீர்ந்துபோதலும் ஒன்றல்ல. முன்னையது ஒருவரின் சுவையைக் குறைக்கின்றது. பின்னையது அவரை வெறுந்தட்டோடு நிறுத்துகின்றது. அவ்வாறே மிச்சமும் ஒரு தன்மையதன்று. திறக்கப்படாத தண்ணீர்ப் போத்தல் மறுநாளும் பயன்படும். பொரித்த மீன் பயன்படாது. ஆகவே தண்ணீரைத் தாராளமாக ஆயத்தம் செய்தல் எவருக்கும் சுமையன்று. சோறு, பருப்பு, ஒரு மரக்கறி ஆகியவை கடைசி ஆளுக்கும் உறுதியாகக் கிடைத்தல் வேண்டும். விலையுயர்ந்த சிறப்பு வகைகள் தீர்ந்துபோகலாம். தீர்ந்துபோவதில் இழுக்கில்லை என்பதை விருந்தளிப்பவரும் வந்தவரும் ஏற்றுக்கொள்ளுதல் வேண்டும். இன்றைய நடைமுறையில் அஞ்சப்படுவதோ சிறப்பு வகைகள் தீர்ந்துவிடும் என்பதே.

இங்குக் கணக்கிடுவோர் பெரும்பாலும் காணத் தவறும் ஒன்றுண்டு. மரக்கறி மட்டும் உண்பவர் இருபது பேர் என்று கொண்டு இருபது பேருக்கு மரக்கறி உணவு ஆயத்தம் செய்யப்படுகின்றது. ஆனால் இறைச்சி உண்பவரும் மேசையிலுள்ள கத்தரிக்காயையும் உருளைக்கிழங்கையும் எடுப்பர். அவை தீர்ந்தபோது இறைச்சி உண்பவருக்கு மாற்று உண்டு. மரக்கறி உண்பவருக்கு இல்லை. ஹலால் உணவை மட்டும் உண்ணும் விருந்தினரின் நிலையும் இத்தகையதே. மாற்று வழி அற்றவர் மேலேயே குறைவு முதலில் விழுகின்றது என்பது விருந்து மேசைக்கு மட்டும் உரிய உண்மையன்று. ஆகவே மாற்று வழி அற்றவரின் பங்கை முதலில் ஒதுக்குதலே நீதியாகும்.

வரிசையின் கடைசியில் நிற்போர் யார் என்பதையும் எண்ணுதல் வேண்டும். தூரத்திலிருந்து பேருந்தில் வந்து பிந்தியவர், குழந்தையை உறங்கவைத்துக் காத்திருந்த தாய், வாகனச் சாரதி, புகைப்படம் எடுத்தவர், மேளம் வாசித்தவர், தட்டுக் கழுவும் பெண். இவர்களுட் பலர் அழைப்பிதழ்க் கணக்கில் இல்லாதவர். நானூறு பேருக்கு மிகையாகச் சமைத்த விருந்திலும் இவர்கள் வெறுஞ்சோற்றோடு நின்ற நிகழ்ச்சிகள் உண்டு. மிகை அவர்களைக் காப்பதில்லை, எண்ணப்படுதலே காக்கும்.

எனவே செய்யத்தக்கவை அரியன அல்ல. வருவதை உறுதிசெய்யுமாறு கேட்டல். காப்பளவை ஒருவர் மட்டும், ஒரு தடவை மட்டும் சேர்த்தல். கறிகளின் வகையைக் குறைத்தல். உணவை ஒரே தடவையில் மேசைமேல் வைக்காது, பாதியைச் சூட்டோடு அடுக்களையில் வைத்திருந்து வேண்டியபோது கொணர்தல். விலையுயர்ந்த வகைக்கு ஒருவரைப் பரிமாற நிறுத்துதல். வேலை செய்வோரின் பங்கை முதலிலேயே எடுத்து வைத்தல். இவற்றால் பந்தியின் கண்காணிப்பு பஃபேக்குட் கொணரப்படுகின்றது. யார் யாரோடு இருப்பது என்ற பழைய வினா மட்டும் மீளவில்லை.

விருந்தாளியின் கடமையும் இதனோடு சேர்ந்ததே. வருவதாகச் சொல்லி வராதவரும், சொல்லாமல் அறுவரோடு வருபவரும், தட்டில் எடுத்ததை அரைவாசியில் விட்டுச் செல்பவரும் கணிப்பின் பிழையை வளர்க்கின்றனர். பின்னர் உணவு குறைந்ததென்று ஊரில் உரைப்பவரும் அவர்களுள் இருக்கக்கூடும். அளவாகச் சமைத்தவரைப் பழிக்காதிருத்தல் விருந்துண்பவர் செய்யக்கூடிய சிறந்த கைம்மாறாகும்.

மணிமேகலைக் காப்பியத்தில் வரும் அமுதசுரபி குறையாத பாத்திரம். அது கிடைத்த மணிபல்லவத்தை நயினாதீவோடு இணைத்துக் காணும் மரபு ஈழத்தில் உண்டு. கடைசி விருந்தினர் வரும்வரை மேசைமேலுள்ள ஒவ்வொரு தட்டும் நிறைந்தே தோன்றவேண்டும் என்று விரும்புபவர் ஒருவகையில் அப்பாத்திரத்தையே போலச் செய்ய முற்படுகின்றார். ஆனால் அமுதசுரபி பெற்றவள் அதனைக் கொண்டு தன் சிறப்பைக் காட்டவில்லை. பசித்தவரைத் தேடிச் சென்றாள். குறையாத பாத்திரம் எவரிடமும் இல்லாத உலகில், அதற்கு ஈடாக மனிதருக்கு அமைந்துள்ளது எண்ணிப் பார்க்கும் ஆற்றலே. எத்தனை பேர், யார் யார், எவருக்கு மாற்று வழியில்லை என்று முன்கூட்டி எண்ணிச் சமைத்தவர், சிறிது வெட்கத்துக்கு ஆளாகும் வாய்ப்பைத் தாமே ஏற்றுக்கொண்டு, தம் பிழையின் சுமையைப் பிறர்மேல் ஏற்றாது விடுகின்றார். விருந்தின் அறம் அவ்வெண்ணுதலிலேயே தொடங்குகின்றது எனலாம்.